நிறுத்திய வண்டியில் இறங்கும் மின்னுக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு,
மோட்டார் வாகனப் பிரிவு மாணவர்களுக்கான செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இஞ்சின் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி ஏறாவிட்டால் பெல்ட்டையும், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரையும் பார்க்க வேண்டும். இதுவரை எழுதிவிட்டேன். மின்னேற்றம் சரியாக இருந்தும், சாவியை எடுத்த பின் டிக்கி விளக்கோ, பிறகு பொருத்திய ஸ்டீரியோவோ ஓசையின்றி இழுத்துக்கொண்டிருக்கும் மின்னோட்டத்துக்குத்தான் பெயர் கிடைக்கவில்லை. ‘மின்கசிவு’ என்றால் மாணவர்கள் தீ விபத்தை நினைக்கிறார்கள்.
— பயிற்றுநர்

ஐயா, நாளிதழ்கள் அச்சொல்லைத் தீயோடு பிணைத்துவிட்டன. எங்கள் ‘மின்னொழுக்கு’க்கும் இலங்கையில் அதே கதிதான். ‘ஒட்டுண்ணி மின்னோட்டம்’ ஆங்கிலத்தின் ‘parasitic current’ என்பதற்கு வெறும் மொழிபெயர்ப்பு. வடிகால் எல்லோரும் அறிந்த சொல்லாகையால் ‘வடிமின்’ என்கிறேன்; வடிந்த, வடிகின்ற, வடியும் மின் என முக்காலமும் காட்டும் வினைத்தொகை.
— யாழ்ப்பாணத்திலிருந்து

சங்க இலக்கியத்தில் ‘மின்’ மின்னலைக் குறிக்கும். வடிகின்ற மின்னலை எந்தப் புலவரும் பாடியதில்லை. 478ஆம் குறளில் வள்ளுவர் வரவின் வழியை ‘ஆகாறு’ என்றும் செலவின் வழியை ‘போகாறு’ என்றும் சொல்லி, வரவு சிறுத்தாலும் போகாறு அகலாதிருந்தால் கேடில்லை என்கிறார். ஆல்டர்னேட்டர் ஆகாறு, இவ்விழப்பு போகாறு. இதைவிடப் பொருத்தமான இணை வேறெங்கே கிடைக்கும்?
— தமிழாசிரியர்

ஐயா பொறுத்தருள வேண்டும். ‘ஆறு’ வழி என்பதால் போகாறு பழுதான சுற்றைத்தான் குறிக்கும், அதில் ஓடும் மின்னை அன்று. வேறொரு சிக்கலும் உண்டு: கடிகாரத்துக்கும் அலாரத்துக்கும் எல்லா வண்டியிலும் சிறிது ஓடத்தான் செய்யும், பொதுவாக 50 மில்லி ஆம்பியர் வரை பழுதன்று. ஆகவே பெயர் பொதுவாக இருந்து, ‘மிகை’ என்ற அடை பழுதைக் காட்டட்டும். 5 வாட் டிக்கி விளக்கு பத்து மணி நேரத்தில் 4 ஆம்பியர்-மணிதான் குடிக்கும். 45 ஆம்பியர்-மணி பேட்டரி நலமாக இருந்தால் காலையில் வண்டி கிளம்பும். அவ்விளக்கு மட்டுமே எரிந்து ஓரிரவில் படுத்துவிட்டால் பேட்டரியே கிழடு. பட்டறையில் நாங்கள் ‘பேட்டரி இறங்குது’ என்போம்; ஆனால் ஹெட்லைட்டை அணைக்க மறந்தாலும் அதே சொல்தான், எனவே ‘மின்னிறக்கம்’ உதவாது.
— பட்டறைக்காரர்

அனைவருக்கும் நன்றி. ‘வடிமின்’, ‘மிகை வடிமின்’ என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். வண்டியைப் பூட்டி, கணினிப் பெட்டிகள் உறங்கும் வரை காத்திருந்து, பேட்டரியின் எதிர்மின் (நெகட்டிவ்) முனையில் அம்மீட்டரைத் தொடராக இணைத்து, அளவு விழும் வரை ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவதற்கு மட்டும் இன்னும் ஒரு பெயர் இல்லை.
— பயிற்றுநர்

அதற்குப் ‘போகாறு தேடல்’ என்று வைக்கலாமே. ‘வடிமின்’னுக்கு என் ஒப்புதல் இல்லை என்பதையும் பதிவு செய்துகொள்க.
— தமிழாசிரியர்