கிணற்று நீரில் காரீயம்: ‘கண்டறியப்படவில்லை’ என்றால் இல்லை என்று பொருளா?

கேள்வி:
வணக்கம். நான் வேதியியல் முதுகலை மாணவி. எங்கள் வீட்டுக் கிணற்று நீரைச் சுடர் வகை அணு உட்கவர் கருவியில் (நீரைச் சுடரில் தெளித்து, அதிலுள்ள அணுக்கள் ஒரு விளக்கின் ஒளியை எவ்வளவு உட்கவர்கின்றன என்று அளக்கும் கருவி) சோதித்ததில், காரீயம் ‘கண்டறியப்படவில்லை’ என்று அறிக்கை வந்துள்ளது. குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்பதால், இந்த நீரை அச்சமின்றிக் குடிக்கலாம் என்று வீட்டில் சொல்லலாமா? மேலும், சுடரும் ஒளி வீசுகிறதே. அதையும் விளக்கின் ஒளியையும் கருவி எப்படிப் பிரித்தறிகிறது?

மறுமொழி 1:
இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். கருவியில் உள்ள ஹாலோ கேத்தோடு (உள்ளீடற்ற எதிர்மின்வாய்) விளக்கின் எதிர்மின்வாய் காரீயத்தால் ஆனது. ஆகவே அது காரீய அணுக்களுக்கே உரிய அலைநீளங்களில், எடுத்துக்காட்டாக 283.3 நானோமீட்டரில், ஒளியை உமிழ்கிறது. சுடரில் தனி அணுக்களாகப் பிரிந்து அடிநிலையில் (மிகக் குறைந்த ஆற்றல் நிலையில்) இருக்கும் காரீயம் அதே ஒளியை உட்கவர்வதால், ஒளி எந்த அளவுக்குக் குறைந்தது என்பதைச் செறிவு தெரிந்த கரைசல்களோடு ஒப்பிட்டு மாதிரியின் செறிவைக் கணக்கிடுகிறோம். விளக்கின் ஒளி குறிப்பிட்ட அதிர்வெண்ணில் விட்டுவிட்டு அனுப்பப்படுகிறது. உணர்கருவி அந்த அதிர்வெண்ணில் வரும் சைகையை மட்டுமே பெருக்குவதால், சுடரின் இடைவிடாத ஒளி கணக்கில் சேர்வதில்லை. 1950களில் ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் இம்முறையை உருவாக்கியபோதே இந்த ஏற்பாட்டையும் சேர்த்திருந்தார். இம்முறையின் மிக அழகான பகுதி இதுதான் என்பது என் கருத்து.

மறுமொழி 2:
முதல் கேள்விக்கு என் விடை: இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். உறிஞ்சப்படும் கரைசலில் பத்தில் ஒரு பங்குகூடச் சுடரைச் சென்றடைவதில்லை. சென்றடையும் அணுக்களும் ஒளிப்பாதையில் சில மில்லி நொடிகளே தங்குகின்றன. எனவே காரீயத்தைப் பொறுத்தவரை, சுடர் முறையின் கண்டறியும் எல்லை (கருவியால் உறுதியாகக் காண முடிந்த மிகக் குறைந்த செறிவு) நீங்கள் குறிப்பிட்ட தர வரம்பை ஒட்டியே அமைகிறது. அந்த எல்லையைக் குறிப்பிடாமல் ‘கண்டறியப்படவில்லை’ என்று மட்டும் எழுதும் அறிக்கை முழுமையானதன்று.

கிராஃபைட் உலை முறையில் சோதிக்கச் சொல்லுங்கள். அதில் ஏறத்தாழ 20 மைக்ரோலிட்டர் மாதிரியை ஒரு சிறு குழாயில் இட்டு, உலர்த்தி, பிற பொருள்களை எரித்து நீக்கி, பின்னர் நொடிப்பொழுதில் அணுக்களாக்குவதால், லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவிலான காரீயத்தையும் அளக்க முடியும். ஆனால் நீரில் குளோரைடு மிகுந்திருந்தால், காரீயம் குளோரைடாக மாறி எரிக்கும் கட்டத்திலேயே ஆவியாகிவிடக்கூடும். அதைத் தடுக்க அம்மோனியம் பாஸ்பேட்டு அல்லது பல்லேடியம் சேர்ப்பார்கள். உப்புப் புகை ஒளியைச் சிதறடிப்பதால் பின்புலத் திருத்தமும் (அந்தச் சிதறலால் குறையும் ஒளியைக் கணக்கிலிருந்து கழிப்பதும்) கட்டாயம் தேவை.

மறுமொழி 3:
மாதிரி எடுத்தவுடன் நைட்ரிக் அமிலம் சேர்த்தீர்களா? சேர்க்காவிட்டால் காரீயம் புட்டியின் சுவரில் படிந்துவிடக்கூடும்; அப்படிப் படிந்த நீரை அப்படியே சோதித்தால் எந்தக் கருவியாலும் சரியான அளவைத் தர இயலாது.

கேட்டவர்:
அமிலம் சேர்க்கவில்லை, அறிக்கையிலும் கண்டறியும் எல்லை குறிப்பிடப்படவில்லை. அமிலத்தால் கழுவிய புட்டியில் புதிதாக நீர் எடுத்து, கிராஃபைட் உலை வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்புகிறேன். முடிவு வரும்வரை குடிப்பதற்கு வேறு நீரைப் பயன்படுத்துவோம். மிக்க நன்றி.