கோயில் பஸ்

எங்கள் ஊர்க் கோயிலுக்குப் போக அப்போதெல்லாம் முதலில் பெயர் கொடுக்க வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், 1990க்கு முந்தைய முகவரி. கிராம சேவையாளரிடம் கொடுத்த பட்டியல் எங்கெங்கோ சுற்றி, இராணுவத்தின் கைக்குப் போய், "ஐம்பது பேர், ஒரு பஸ், காலை எட்டு மணியிலிருந்து பகல் ஒரு மணி வரை" என்று திரும்பி வரும். போர் முடிந்து இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து நான் முதன்முதலாகப் போனது அப்படித்தான்.

ஊர் யாழ்ப்பாணத்தில், வசாவிளானுக்கு வடக்கே, பலாலிப் பக்கம். 1990 யூன் நடுப்பகுதியில் ஷெல் விழத் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று அம்மா ஆட்டுக்குக் குழை கட்டிவிட்டுத்தான் படலையைச் சாத்தினார். பிறகு எங்கள் ஊர் இருக்கிற வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி, சனம் உள்ளே போக முடியாத இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. நாங்கள் மல்லாகத்தில் நலன்புரி நிலையம், பிறகு வாடகை வீடு, பிறகு இன்னொரு வாடகை வீடு. அந்த ஆட்டைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் வாய் திறப்பதில்லை.

அன்றைக்குப் பொங்கல் பானை, பச்சை அரிசி, பூ, எண்ணெய் எல்லாவற்றோடும் விறகையும் கட்டிக்கொண்டு போனோம். பற்றைக்காடாகக் கிடக்கிற இடத்துக்கு விறகு கொண்டுபோகிறோமே என்று சித்தப்பா சிரித்தார். உள்ளே ஒரு குச்சியும் முறிக்கக் கூடாது, எதையும் வெளியே எடுத்துவரக் கூடாது என்பது உத்தரவு. கைபேசிகளைச் சோதனைச்சாவடியில் ஒரு சாக்கில் போட்டு, பெயர்த்துண்டு கட்டி வைத்துக்கொண்டார்கள்.

கோயிலுக்குக் கூரை இல்லை. மதிலைப் பிளந்துகொண்டு ஆலங்கன்று ஒன்று மரமாகியிருந்தது. ஐயர் அரை மணி நேரத்தில் பூசையை முடித்துவிட்டார். கண்ணீரெல்லாம் அந்த அரை மணியோடு சரி. அதன் பிறகுதான் உண்மையான கூட்டம் தொடங்கியது. யார் வீடு எங்கே இருந்தது?

சொல்வது எளிதில்லை. வீடுகள் அத்திவாரம் வரை போய்விட்டன. ஒழுங்கைகள் இல்லை. கிணறுகள் சில தூர்ந்திருந்தன, சில முள்ளுக்குள் வாய் திறந்து கிடந்தன. காட்டிக்கொடுத்தவை வேலிகள்தான். எங்கள் பக்கத்தில் வேலிக்குப் பூவரசும் கிளுவையும் கதியாலாக, அதாவது வேர்விட்டுத் தளிர்க்கும் வேலித்தடியாக, நடுவார்கள். ஆண்டுதோறும் குழை வெட்டி, கிடுகு மாற்றி, ஆள் உயரத்தில் நிறுத்தி வைப்பார்கள். வெட்டுவாரில்லாமல் இருபது ஆண்டுக்கு மேல் விட்டால் அந்தக் கதியால்கள் மரமாகிவிடுகின்றன. காடு நேர்கோட்டில் முளைக்காது. பற்றைக்கு நடுவே நேராக ஒரு பூவரசு வரிசை போனால் அது யாரோ ஒருவரின் வளவு எல்லை. பெரியம்மா அந்த வரிசைகளை எழுத்துக் கூட்டி வாசிப்பதுபோல வாசித்துக்கொண்டு போனார். "இது கிளுவை. கிளுவை நட்டவர்கள் மேற்கு வளவுக்காரர். அப்படியானால் நாங்கள் இப்போது மாட்டுக்கொட்டிலுக்குள் நிற்கிறோம்."

இந்த மரங்களால் ஒரு வம்பும் வந்தது. சித்தப்பாவுக்கும் பக்கத்து வளவுக்காரருக்கும் இடப்பெயர்வுக்கு முன்பே ஒரு முழ நிலத்துக்காக எல்லை வழக்கு இருந்தது. இருவரும் ஒரே பூவரசைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இது என் கதியால், இல்லை என் கதியால் என்று தொடங்கிவிட்டார்கள். காவலுக்கு வந்த சிப்பாய்க்கு இருபது வயது இருக்கும். அடிபடப் போகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார். கால் மணி நேரம் கழித்து இரு கிழவர்களும் அதே மரத்தின் கீழே உட்கார்ந்து ஒரே பையில் வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிப்பாய் கடைசிவரை அவர்களைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

ஒரு மணிக்குத் தலை எண்ணினார்கள். நாற்பத்தொன்பது. பெரியம்மாவைக் காணவில்லை. தேடப் போன சிப்பாயோடு திரும்பி வந்தார், கையில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு பூவரசந்தடி. அடி வெட்டுச் சீராக இருந்தது. கத்தியை எப்படிக் கொண்டுபோனார் என்று நான் கேட்கவில்லை. சோதனைச்சாவடியில் அதிகாரி தடியைக் காட்டி, "மொகக்த?" என்றார், என்ன இது என்று. கதியால் என்பதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? எங்களில் சிங்களம் தெரிந்த ஒரே ஆள் யோசித்துக்கொண்டிருக்கையில் பெரியம்மா முதுகைக் கூனிக்கொண்டு, தடியை ஊன்றி, ஒரு காலை இழுத்து இழுத்துப் பஸ்ஸில் ஏறிவிட்டார். காலையில் என்னைவிட வேகமாக நடந்த மனிசி! கூடவே வந்த சிப்பாய்க்கு உண்மை தெரியும். வேறு பக்கம் திரும்பி நின்றார்.

அடுத்த பயணங்கள் இப்படி இருக்கவில்லை. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப்போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். அதன் பிறகு கோயிலுக்கு வந்தவர்கள் பூவோடு காணி உறுதிப் பத்திரத்தையும் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். பிள்ளையார் முன்னால் தேங்காய், வாழைப்பழம், அதற்குப் பக்கத்தில் எட்டுப் பரப்புக்கு ஓர் உறுதி, பத்துப் பரப்புக்கு ஓர் உறுதி. ஐயர் அவற்றுக்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினார். ஊர் பார்க்கப் போன கூட்டம் சாட்சி சொல்லப் போகும் கூட்டமாகிவிட்டது. முதல் பயணத்தின் சிரிப்பு அதன் பின் ஒருநாளும் வரவில்லை என்பது என் கணிப்பு. சித்தப்பா ஒத்துக்கொள்ள மாட்டார்.

விடுபட்ட ஊர்களும் உண்டு. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகத்தைத் திறந்துவிட்டபோது அவ்வூர் நண்பனோடு போனேன். அவனுடைய அப்பா கடலில் கால் நனைத்தார், வீடு இருந்த பக்கம் திரும்பவேயில்லை. எங்கள் கோயிலடி மட்டும் வேலிக்கு உள்ளேயே இருந்தது.

2025 ஏப்ரலில் வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதியைத் திறந்தார்கள். அப்போது காலை ஆறு முதல் மாலை ஐந்து வரை. நடக்கக் கூடாது, இடையில் நிறுத்தக் கூடாது, திருப்பக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, நாற்பது கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டக் கூடாது. பெயர்ப்பட்டியல் மட்டும் இல்லை. பெரியம்மாவுக்கு இப்போது உண்மையாகவே ஊன்றுதடி வேண்டும். மல்லாகத்து வீட்டில் அவர் நட்ட கதியால் தழைத்துத்தான் இருந்தது. வீட்டுக்காரர் மதில் கட்டும்போது பிடுங்கிவிட்டார்.

வீதி திறந்த வாரம் ஊர்க்காரர் பன்னிரண்டு பேர் பஸ் ஏறினோம். வசாவிளான் சந்தி தாண்டியதும் எல்லோரும் இடப்பக்க யன்னலுக்கு வந்துவிட்டோம். இருபுறமும் முள்ளுக்கம்பி, அதற்கு அப்பால் செம்மண். "அதுதான் சங்கக்கடை" என்று ஒருவர் கைநீட்டுவதற்குள் அது பின்னால் போய்விடும். "அந்தா ஒழுங்கை!" என்றார் இன்னொருவர். நான் பார்த்தபோது பனை மட்டும் இருந்தது. பெரியம்மா பேசவில்லை, கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு பூவரசு வரிசையைத் தேடிக்கொண்டிருந்தார். கண்டாரா என்று கேட்டேன். "வேகமாகப் போகிறான்" என்றார்.

பலாலியில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பினோம். அப்போதும் பிடிபடவில்லை. வசாவிளானில் தேநீர் குடித்துவிட்டு மறுபடியும் ஏறினோம். அதே நடத்துநர். எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஆச்சி, எங்கே இறங்க வேண்டும்?" என்று கேட்டார்.

"இறங்க விடமாட்டார்கள் தம்பி" என்றார் பெரியம்மா. "போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட் போடு."