ஹேர் மாஸ்குக்குத் தமிழ்ச்சொல்: பற்றா, கவசமா, காப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

ஹேர் மாஸ்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பேசும் இந்த விவாத இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், உட்கார்ந்து எழுத இன்றுதான் முடிந்தது. வந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன், கொஞ்சம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> "முடி முகமூடி" என்று இப்போதே பலர் எழுதுகிறார்கள். அதையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் அக்கா. தலைமுடிக்குப் போடுவதில் முகம் எங்கே வந்தது? ஆங்கிலத்தில் முகத்தில் பூசும் கலவைக்கு மாஸ்க் என்று பெயர் வந்து, பிறகு அதே பெயர் தலைக்கும் ஏறியது. அது அவர்கள் சொல் நடந்த வழி. நாம் பொருளைப் பார்த்துப் பெயர் வைக்கலாம். என்ன செய்கிறோம்? ஒரு கலவையை முடி முழுக்கப் பூசுகிறோம், அரைமணி நேரம் வைத்திருக்கிறோம், அலசிவிடுகிறோம். இந்த மூன்றும் சொல்லில் தெரிந்தால் போதும்.

> சித்த மருத்துவத்தில் உள்ள "பற்று" இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, நானும் முதலில் இதில்தான் நின்றேன். சித்த மருத்துவம் புறமருந்துகளை 32 வகையாகப் பிரிக்கிறது, அதில் பூச்சு ஒன்று, பற்று வேறொன்று. நீர்ப்பதமாக இருப்பதைத் தடவினால் பூச்சு, அரைத்துக் குழைத்துத் தடிப்பாகப் போட்டால் பற்று. எவ்வளவு துல்லியமான வேறுபாடு! "பற்றுப் போடு" என்று வினையும் தயாராக இருக்கிறது. பற்று வரவு, மொழிப்பற்று எல்லாம் குறுக்கே வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார், அதை நான் பெரிய தடையாக நினைக்கவில்லை, "போடு" சேர்ந்துவிட்டால் யாருக்கும் குழப்பம் வராது.

என் தடை வேறு. பற்று என்றாலே காயவிடுவது என்று நம் மனதில் பதிந்திருக்கிறது. நெற்றியில் போட்ட பற்று காய்ந்து இறுகி உதிரும்வரை விட்டுவிடுவோம், அதுதான் நமக்குத் தெரிந்த பற்று. முடியில் அதைச் செய்யக் கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கோ படித்த ஒரு தமிழ்க் குறிப்பில் "வெந்தயப் பற்றுப் போட்டுக் காயவிட்டுக் கழுவவும்" என்று இருந்தது, அப்படியே இரண்டு மணி நேரம் காயவிட்டேன். வெந்தயத்தின் வழவழப்பு காய்ந்தால் பசை மாதிரி, இழையோடு இழை ஒட்டிக்கொண்டது. கழுவும்போதும் சிக்கெடுக்கும்போதும் கையோடு வந்த முடி கொஞ்சநஞ்சம் அல்ல, வேரோடு உதிர்ந்தவை கூட இல்லை, பாதியில் அறுந்தவை. அந்தக் குறிப்பை எழுதியவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. "பற்று" என்று எழுதியதும் "காயவிட்டு" என்பது தானாகவே வந்து சேர்ந்திருக்கும். சொல் தவறினால் செய்முறையும் தவறும் என்று நான் இவ்வளவு அழுத்துவது அதனால்தான்.

முடியிழையின் அமைப்பைப் பார்த்தால் காரணம் புரியும். வெளியே தெரியும் முடி உயிரில்லாத கெரட்டின் புரதம். அதன் மேல்பரப்பில் மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த அடுக்குகள் உண்டு, அந்தச் செதில்கள் படுத்திருந்தால் முடி வழுவழுவென்று இருக்கும், கிளம்பினால் சொரசொரப்பு, சிக்கு. நனைந்த முடி குறுக்குவாக்கில் ஏறக்குறைய 15 சதவீதம் பருக்கிறது, நீளத்தில் மிகக் குறைவாகவே கூடுகிறது. அப்படி ஊறிய முடி எளிதில் இழுபடும், எளிதில் அறும். அதனால் அதிக நேரம் ஊறவும் விடக் கூடாது, காயவும் விடக் கூடாது. இருபது முப்பது நிமிடம், ஈரத்தோடு, துண்டு சுற்றி. அவ்வளவுதான்.

> "ஊட்டக்கலவை" எளிமையாக இருக்கிறதே.

எளிமைதான், ஆனால் உண்மை இல்லை. உயிரில்லாத இழைக்கு யார் ஊட்டுவது? முட்டையும் தயிரும் முடிக்குப் புரதம் தருகின்றன என்று எழுதுவதும் இந்தச் சொல்லிலிருந்து வருவதுதான். முட்டையில் இருக்கும் புரத மூலக்கூறுகள் பெரியவை, இழைக்குள் நுழையாது, மேலே படிந்து கழுவும்போது போய்விடும், போதாக்குறைக்கு வெந்நீர் பட்டால் முடியிலேயே வெந்து திரியும். உள்ளே போகக்கூடியது என்று உறுதியாகச் சொல்ல முடிவது தேங்காய் எண்ணெயை. அதில் மிகுதியாக இருக்கும் லாரிக் அமிலம் சிறிய நேரான மூலக்கூறு, செதிலைத் தாண்டி உள்ளே இறங்குகிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வெளிவந்த ஆய்வில், முடியிலிருந்து புரதம் கழிவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. ஆனால் இதுவும் இருப்பதைக் காப்பதுதான், ஊட்டுவது அல்ல. "காப்பது" என்ற வினையைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

"கூந்தல் கவசம்" பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கவசம் கெட்டியானது, அணிவது. குழைவான ஒன்றுக்கு ஒட்டாது. கூந்தல் என்றால் பெண்களின் முடி என்றுதான் காதில் விழுகிறது, இதை ஆண்களும் போடுகிறார்கள். மயிர்க்கால், மயிரிழை என்று அறிவியலில் மயிர் நன்றாகவே நிற்கிறது, ஆனாலும் வீட்டில் புழங்க வேண்டிய சொல் இது, முடி போதும்.

இனி கண்டிஷனிங், அதாவது முடியைச் சிக்கில்லாமல் வழுவழுப்பாக்குவது. இதற்குப் "பதனிடல்" என்று வந்திருந்தது, அதைத் தோலுக்குக் கொடுத்துவிட்டோம். "பதனி" என்று சுருக்கினால் பனையிலிருந்து இறக்கும் பானம்தான் நினைவுக்கு வரும். நான் "பதமாக்கல்" என்கிறேன். பதம் என்பது பாகுக்கும் மாவுக்கும் மண்ணுக்கும் நாம் தினமும் சொல்வது, கையால் தொட்டு அறியும் சரியான நிலை. முடிக்கும் அதுதானே வேண்டும்? கடையில் வாங்கும் கண்டிஷனர் வேறு விதமாக வேலை செய்கிறது. முடியின் பரப்பில், முக்கியமாகச் சிதைந்த இடங்களில், எதிர்மின்னேற்றம் இருக்கும், கண்டிஷனரின் நேர்மின்னேற்ற மூலக்கூறுகள் அங்கே ஒட்டிக்கொண்டு அலசிய பிறகும் தங்கும். வீட்டில் அரைக்கும் வெந்தயமும் கற்றாழையும் வழவழப்பான மெல்லிய படலமாகப் படிந்து உராய்வைக் குறைக்கின்றன. வழி வேறு, முடிவில் கைக்குத் தெரிவது ஒரே பதம். அதனால் பதமாக்கி என்ற சொல் இரண்டையும் தாங்கும்.

சரி, என் பரிந்துரை: முடிக்காப்பு.

சந்தனக்காப்பு, வெண்ணெய்க்காப்பு, எண்ணெய்க்காப்பு என்று ஏற்கெனவே சொல்கிறோம். முழுக்க மூடும்படி சாத்துவது, சிறிது நேரம் இருப்பது, பிறகு களைவது என்று நாம் தேடிய மூன்றும் இதில் இருக்கின்றன. காயவேண்டும் என்ற எதிர்பார்ப்பு இல்லை. காத்தல் என்ற பொருளும் கூடவே வருகிறது. வளையலுக்கும் காப்பு என்று பெயர் உண்டே என்றால், முடியோடு சேர்ந்தபின் யாரும் வளையலை நினைக்கமாட்டார்கள். "காப்பிடு" என்ற வினையும் கிடைக்கிறது.

இணைய அகராதியான விக்சனரியில் சேர்க்க ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன்:

*முடிக்காப்பு: முடியிழைகளைப் பதமாக்க, அவை முழுதும் மூடும்படி பூசி, காயுமுன் அலசிவிடும் குழைவான கலவை. எ.கா. இரண்டு தேக்கரண்டி வெந்தயத்தை இரவு முழுக்க ஊறவைத்து, அரைத்து, துணியில் வடிகட்டி, அந்த வழவழப்போடு கற்றாழைச் சோற்றையும் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயையும் அடித்துக் கலந்து முடிக்காப்பு செய்யலாம்.*

வடிகட்டுவதை எடுத்துக்காட்டிலேயே சேர்த்தது வேண்டுமென்றேதான், அதை விட்டால் வெந்தயத்தின் தோல்துணுக்குகள் நாள் முழுக்க முடியில் நிற்கும். வாழைப்பழம் சேர்ப்பவர்களுக்கும் இதே பேச்சு. கலவையில் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் இல்லாததால் அன்றன்றைக்குச் செய்வது நல்லது. அதிகமாக நுனிப்பக்கம் பூசவேண்டும், பழைய முடி அங்கேதான் இருக்கிறது. முடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது, முழங்கை நீள முடியின் நுனி மூன்று வருடத்துக்கு மேல் வெயிலும் சீப்பும் பட்டது. இவற்றை அகராதியில் எழுத முடியாது, இங்கே சொல்லிவைக்கிறேன்.

சொற்புணர்ச்சி பற்றிக் கேட்பதற்கு முன்பே: முடிக்கு இடும் காப்பு என்று விரிவதால் ஒற்று மிகும், "முடிகாப்பு" அல்ல. சந்தனக்காப்பில் முன்சொல் பூசும் பொருள், முடிக்காப்பில் முன்சொல் பூசப்படும் இடம், இது ஒத்துவருமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். ஒத்துவருவதோடு வசதியும்கூட. முடிக்காப்பு பொதுப்பெயர், அதன் கீழே வெந்தயக்காப்பு, கற்றாழைக்காப்பு, தயிர்க்காப்பு என்று வகைகள் தாமாக வந்து நிற்கும்.

அலசாமல் முடியிலேயே விட்டுவிடும் பதமாக்கி ஒன்று இருக்கிறதே, அதற்கு மட்டும் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. "தங்கு பதமாக்கி" என்று எழுதிப் பார்த்தேன், வாயில் ஓடவில்லை. அதற்கு யாராவது சொல்லுங்கள்.