மேஜையில் கிடக்கும்போது ஒன்றுமில்லை, தூக்கினால் கிலோவோல்ட்!

தங்கராசு:
விண்கலங்களில் போர்த்தும் கப்டான் என்ற பிளாஸ்டிக் ஃபிலிமில் எவ்வளவு ஸ்டாட்டிக் சார்ஜ் ஏறுகிறது என்று பார்த்தேன். மேஜையில் கிடக்கும்போது மீட்டரில் 40 வோல்ட்கூட இல்லை. ஓரத்தைப் பிடித்து உரித்துத் தூக்கியதும் 2000-ஐத் தாண்டிவிட்டது. அடியில் இருந்தது கிரவுண்ட் செய்த உலோகத் தகடு. ஒட்டிக் கிடக்கும்வரை கெப்பாசிட்டன்ஸ் (சார்ஜைத் தாங்கும் திறன்) அதிகம், அதனால் வோல்டேஜ் அமுங்கிக் கிடக்கும். பிரிந்ததும் கெப்பாசிட்டன்ஸ் விழும், அதே சார்ஜ் வோல்டேஜாக எகிறும். உரிக்கும்போது புதுச் சார்ஜும் சேரும். மேஜை ரீடிங்கை வைத்து 'ஓகே' எழுதுவது ஆபத்து. ஃபிலிமை ஒரு ஃபிரேமில் மாட்டுங்கள், பின்னால் உலோகம் வேண்டாம். மீட்டர் எந்தத் தூரத்துக்குக் காலிபரேட் ஆனதோ, அந்தத் தூரத்திலேயே பிடியுங்கள். பெரும்பாலும் 2.5 செ.மீ.

மீனா:
தங்கராசு சார், தூக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது. ஆளுக்கு ஆள் உரிக்கும் வேகம் மாறும். கென்னடி விண்வெளி மையத்து முறையில் டெஃப்லான் ஃபெல்ட் சக்கரத்தால் 10 விநாடி தேய்ப்பார்கள். தேய்ப்பதை நிறுத்திய 5 விநாடியில் 350 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால்தான் பாஸ். ஈரப்பதத்தை எழுதாத ரீடிங்குக்கு மதிப்பே இல்லை. 45 சதவீதத்தில் பாஸான ஷீட் 30-இல் ஃபெயிலாகலாம்.

ரஃபீக்:
1964 ஏப்ரல் 14, கேப் கென்னடி. டெல்டா ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கு மோட்டார் மீதிருந்த பிளாஸ்டிக் உறையை நகர்த்தும்போது மோட்டார் பற்றிக்கொண்டது, மூன்று பேர் இறந்தார்கள். உறையில் ஏறிய சார்ஜ்தான் காரணம் என்று முடிவானது. உரிக்கும் அந்த நொடியைச் சோதனையில் சேர்க்காமல் விடலாமா, மீனா?

சிவகாமி:
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இதெல்லாம் தரையில் நடப்பது. சார்ஜ் ஏறாமலிருக்கச் சுற்றும் இளஞ்சிவப்பு ஆன்டிஸ்டாட்டிக் பாலித்தீன் காற்றின் ஈரத்தை நம்பித்தான் வேலை செய்கிறது, விண்வெளியின் வெற்றிடத்தில் அது உதவாது. கப்டானும் ஈரம் உறிஞ்சும். அதனால் விண்வெளியில் போலச் சார்ஜ் ஏற்றிப் பார்க்க எலக்ட்ரான் துப்பாக்கியைப் போடுமுன், வெற்றிட சேம்பரில் வைத்து ஈரத்தை நன்றாக வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் ரீடிங் பொய்யாக நன்றாக வரும். ஐடிஓ (இண்டியம் டின் ஆக்சைடு, மின்சாரம் கடத்தும் மெல்லிய பூச்சு) பூசிய ஃபிலிமை மடிக்காதீர்கள். மடிப்பில் பூச்சு விரிசல் விடும், கண்ணுக்குத் தெரியாது, விரிசலுக்கு அப்பாலுள்ள பகுதி முழுக்க கிரவுண்ட் இல்லாமல் தனித்துவிடும். வளைத்த பிறகு விரிசலின் இரு பக்கத்திலிருந்தும் கிரவுண்டுக்கு ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். கூரான புரோப் பூச்சைக் கீறிவிடும், மெத்தென்ற கண்டக்டிவ் பேட் போதும். விண்கலத்தை வெப்பம், குளிரிலிருந்து காக்கும் பல அடுக்குப் போர்வையானால் ஒவ்வொரு அலுமினிய அடுக்கையும் தனித்தனியாகப் பாருங்கள், வெளி அடுக்கு மட்டும் சரியாக இருந்தால் பயனில்லை. அதிர்வுச் சோதனை முடிந்ததும் மறுபடி பாருங்கள். கிரவுண்ட் பட்டை போல்ட் அடியில் கிழிவது அப்போதுதான்.