வேலை செய்யாத ரோபோ வாக்குவம் கிளீனரை எங்கே, எப்படிக் கொடுப்பது? (சென்னை, வேளச்சேரி)

தாழம்பூ (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். 2020 ஊரடங்கு நேரத்தில் வீட்டுக்கு ஒரு ரோபோ வாக்குவம் கிளீனர் வாங்கினோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, குனிந்து பெருக்க முடியாது. அதனால் அது எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது. ஐந்து வருடம் தினமும் ஓடியது. போன மாதம் துடைப்பதற்கான தண்ணீர்த் தொட்டி கசிந்து தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அசைவே இல்லை. சார்ஜ் ஆகும் இடத்தில் வைத்தாலும் விளக்கு எரிவதில்லை. சர்வீஸ் சென்டரில் "இந்த மாடலுக்கு இப்போது பாகம் வருவதில்லை, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

தெருவில் வரும் பழைய இரும்புக்கார அண்ணனிடம் காட்டினேன். எடை போட்டு 60 ரூபாய் தருவதாகச் சொன்னார். உள்ளே இருக்கும் பேட்டரியை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "தட்டி எடுத்துடுவோம்மா" என்றார். எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அவர் கையில் ஏதாவது ஆனால்?

இதை முறையாக எங்கே கொடுக்கலாம்? இன்னொன்று, இதில் எங்கள் வீட்டு வரைபடமும் வைஃபை பாஸ்வேர்டும் இருக்கின்றன. இயந்திரமே எழாதபோது அவற்றை எப்படி அழிப்பது?

கார்மேகம்

மாநகராட்சி வண்டி வரும்போது உலர் குப்பையோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள். எங்கள் பழைய மிக்சியை நான் அப்படித்தான் போட்டேன்.

சாலிடர் கை

கார்மேகம் சார், தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். மிக்சியில் பேட்டரி கிடையாது. இதில் லித்தியம் பேட்டரி இருக்கிறது. குப்பை லாரியில் எல்லாவற்றையும் அழுத்தி நசுக்குவார்கள். பேட்டரி நசுங்கினால் செல்லுக்குள் இருக்கும் மெல்லிய தடுப்பு கிழிந்து இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடும். அங்கேயே சூடேறித் தீப்பிடிக்கும். சுற்றிலும் காகிதமும் பிளாஸ்டிக்கும் இருந்தால் அந்தத் தீயை அணைப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். வண்டியில் நிற்பவர்களும் நம்மைப்போல் குடும்பம் உள்ளவர்கள்தான்.

தாழம்பூ, முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. சுவிட்சை அணைத்துவிட்டு இயந்திரத்தைக் கவிழ்த்து வையுங்கள். அடியில் சில ஸ்க்ரூ போட்ட மூடி இருக்கும், அதற்குள் பேட்டரி இருக்கும். பெரும்பாலும் 14.4 வோல்ட் பேக்தான். அதாவது 18650 என்று சொல்லும் உருளை செல்கள் நான்கு வரிசையாக இணைந்தவை, சில மாடல்களில் எட்டு. கனெக்டரைப் பிடித்து மெதுவாக இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். வெளியே எடுத்ததும் கனெக்டர் வாயில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். கம்பியை வெட்ட வேண்டாம். இரண்டு கம்பியையும் ஒரே கத்தரியில் ஒன்றாக வெட்டினால் அங்கேயே ஷார்ட் ஆகிவிடும்.

வீட்டில் மல்டிமீட்டர் இருக்கிறதா? அளந்து சொல்ல முடியுமா? பேட்டரி முகப்பில் வெள்ளையாகவோ பச்சையாகவோ ஏதாவது படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தாழம்பூ

நன்றி அண்ணா. தம்பியிடம் மீட்டர் வாங்கி அளந்தேன். 15.1 வோல்ட் காட்டுகிறது. கனெக்டர் ஓரத்தில் பச்சையாகப் பொடி படிந்திருக்கிறது. உள்ளே இருக்கும் போர்டிலும் அதே பச்சை.

சாலிடர் கை

அப்படியானால் தண்ணீர் பட்டு அரித்துப் போர்டுதான் போயிருக்கிறது. பேட்டரியில் இன்னும் நல்ல சார்ஜ் இருக்கிறது. முழு சார்ஜில் 16.8 வோல்ட் வரும், அதனால் இது ஏறக்குறைய பாதி நிறைந்த பேட்டரி. "இயந்திரம் செத்துவிட்டது, பேட்டரியும் செத்திருக்கும்" என்று நினைத்துத் தூக்கி எறிபவர்கள் நிறையப் பேர். அந்த எண்ணம்தான் ஆபத்து. அந்த அண்ணன் சுத்தியலால் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

உப்புத் தண்ணீரில் போட்டு சார்ஜை இறக்கலாம் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். வேண்டாம். முனை அரித்துத் துருப்பிடித்துவிடும், உள்ளே சார்ஜ் அப்படியே மிஞ்சும். அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள்? டேப் ஒட்டிய பேட்டரியை ஒரு மண் சட்டியில் காய்ந்த மணல் போட்டு அதற்குள் வையுங்கள். வெயில் விழாத, எரியும் பொருள் பக்கத்தில் இல்லாத இடமாக இருக்கட்டும். நம் ஊர் மே மாத வெயிலில் பால்கனி சரிப்படாது.

நீலாங்கரை

வரைபடம், பாஸ்வேர்டு பற்றி நான் சொல்கிறேன். இயந்திரம் எழுந்தால் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்து எல்லாவற்றையும் அழிக்கலாம். உங்களுடையதில் அந்த வழி இல்லை. அதனால் மறுபக்கத்திலிருந்து வேலையை முடியுங்கள்.

போனில் இருக்கும் ஆப்பில் முதலில் வரைபடத்தை அழித்து, பிறகு கருவியை நீக்குங்கள். ஆப்பை மட்டும் போனிலிருந்து எடுத்தால் போதாது, கணக்கு கம்பெனி சர்வரில் அப்படியே இருக்கும். வேறு கருவி இல்லையென்றால் கணக்கையே அழித்துவிடுங்கள். குரல் கேட்கும் ஸ்பீக்கரோடு இணைத்திருந்தால் அங்கேயும் எடுங்கள். அப்புறம் வீட்டு வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். இதுதான் இதில் முக்கியமான வேலை. போர்டில் பழைய பாஸ்வேர்டு பதிந்திருந்தாலும் யாருக்கும் பயன்படாது.

வரைபடத்தின் பிரதி போர்டில் இருக்கும் சிப்பில் மிஞ்சலாம். அதனால் போர்டை மட்டும் தெரியாதவர் கையில் கொடுக்காதீர்கள். மறுசுழற்சி நிலையத்தில் அதைத் துண்டாக்கிவிடுவார்கள்.

மார்க் நகர் மாணவன்

நான் ஜெர்மனியில் படிக்கிறேன். இங்கே பெரிய எலக்ட்ரானிக் கடைகளும், 2022 ஜூலையிலிருந்து பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளும் பழைய சாதனங்களைத் திரும்ப வாங்க வேண்டும் என்று சட்டம். புதிது வாங்காவிட்டாலும் இலவசம். ஆனால் எந்தப் பக்கமும் 25 சென்டிமீட்டருக்கு மிகாத சாதனத்துக்குத்தான் அது. ரோபோ வாக்குவம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் அகலம். அதனால் புதிது வாங்கும்போது பழையதைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நகராட்சிச் சேகரிப்பு மையத்துக்குப் போக வேண்டும். நம் ஊரில் என்ன ஏற்பாடு?

பெருங்குடி அக்கா

நம் ஊரிலும் சட்டம் இருக்கிறது. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022 என்று பெயர், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய 2016 விதிகளில் 21 வகைப் பொருள்கள்தான் இருந்தன, இப்போது 106. வாக்குவம் கிளீனரும் அதில் வருகிறது. பேட்டரிக்கு 2022 ஆகஸ்டில் தனி விதி வந்தது. பயன்படுத்தியவர் பேட்டரியை வீட்டுக் குப்பையோடு கலக்காமல், சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ கொடுக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், முன்பு கம்பெனியே சேகரிப்பு மையம் வைக்க வேண்டியிருந்தது. இப்போது பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கி, இவ்வளவு கழிவு மறுசுழற்சி ஆக வேண்டும் என்று தங்களுக்கு வைத்த இலக்கை முடித்துக்கொள்ள வழி இருக்கிறது. அதனால் வாடிக்கையாளர் சேவைக்கு போன் செய்தால் எதிர்முனையில் இருப்பவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் போகலாம். அவர்மேல் கோபப்பட்டுப் பலனில்லை. மின்னஞ்சலில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அதற்கிடையில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் அனுமதி பெற்ற மறுசுழற்சி நிலையங்களின் பட்டியலைப் பாருங்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் பல இருக்கின்றன. மாநகராட்சியின் 1913 எண்ணிலும் உங்கள் பகுதியில் என்ன ஏற்பாடு என்று கேட்கலாம்.

பழைய இரும்பு அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் இல்லாவிட்டால் நம் ஊரில் பாதிப் பொருள் மறுசுழற்சிக்கே போகாது. இரும்பு, பேப்பர், பாட்டில் எல்லாம் தாராளமாக அவரிடம் கொடுங்கள். சர்க்யூட் போர்டும் லித்தியமும் மட்டும் வேண்டாம். போர்டிலிருந்து செம்பும் துளித் தங்கமும் எடுக்க அதை எரிப்பார்கள், அமிலத்தில் ஊற வைப்பார்கள். உத்தரப் பிரதேசத்தில் மொராதாபாத் ஊரில் ராம்கங்கா ஆற்றங்கரை அந்தச் சாம்பலால் என்ன பாடுபட்டது என்று தேடிப் படியுங்கள். எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

தாம்பரம் 45

தாழம்பூ மேடம், என்னிடமும் அதே மாதிரி வட்ட வடிவ மாடல்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அடிப்பக்கப் படம் போட முடியுமா? என்னுடையதில் இடது சக்கரமும் தூசிப் பெட்டியும் போய்விட்டன. உங்களுடையது பொருந்தினால் எனக்குப் பெரிய உதவி. பேட்டரியும் நன்றாக இருக்கிறது என்றால் அதையும் எடுத்துக்கொள்கிறேன், விலை சொல்லுங்கள்.

சாலிடர் கை

சக்கரம், தூசிப் பெட்டி, பக்கவாட்டு பிரஷ், மேலே சுழலும் சென்சார் எல்லாம் கொடுங்கள், நல்ல காரியம். ஒரு இயந்திரம் குப்பைக்குப் போவதை அது தள்ளிப்போடும். ஆனால் பேட்டரி கூடாது. முனையில் பச்சை படிந்திருக்கிறது, தண்ணீர் எங்கே வரை போயிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பேக்குக்குள் ஒரு சிறிய பாதுகாப்பு போர்டு இருக்கும், அது அரித்திருந்தால் இரவில் சார்ஜ் ஏறும்போது நிறுத்த ஆள் இல்லை. தாம்பரம் சார், புதிய பேட்டரி வாங்கிக்கொள்ளுங்கள்.

தாழம்பூ (மூன்று வாரம் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததை எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

கம்பெனிக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். முதலாவதற்குப் புதிய மாடலின் விளம்பரம் பதிலாக வந்தது. இரண்டாவதில் விதியைக் குறிப்பிட்டு எழுதினேன். ஒரு மறுசுழற்சி நிலையத்தின் பெயரைக் கொடுத்தார்கள். அக்கா சொன்ன பட்டியலிலும் அந்தப் பெயர் இருந்தது. போன் செய்தால், ஒரே ஒரு இயந்திரத்துக்கு வண்டி அனுப்ப முடியாது, 50 கிலோ சேர்ந்தால் இலவசமாக வருகிறோம், இல்லையென்றால் நீங்களே கொண்டுவந்து கொடுக்கலாம் என்றார்கள்.

எங்கள் குடியிருப்பில் 48 வீடு. வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். யாரும் பதில் சொல்லமாட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொருவர் பரணிலும் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது! பழைய மோடம், கீபோர்டு, மிக்சி, டிவிடி பிளேயர், உடைந்த போன்கள். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரத்தில் கார் நிறுத்துமிடம் நிறைந்துவிட்டது. மொத்தம் 83 கிலோ.

இரண்டாம் மாடி பாட்டி ஒரு டேப்லெட் கொண்டுவந்தார், பேட்டரி உப்பித் திரை மேலே எழும்பியிருந்தது. அதை அழுத்தி மூடப் பார்த்த பையனைத் தடுத்து, அப்படியே மணல் சட்டியில் வைத்தோம். அண்ணா, நீங்கள் சொன்ன சட்டிதான் அன்று உதவியது. இன்வெர்ட்டர் பேட்டரி கொண்டுவந்தவரை, பேட்டரிக் கடையிலேயே மாற்றிக்கொள்ளச் சொல்லித் திருப்பி அனுப்பினோம். அது ஈயமும் அமிலமும், வேறு வகை.

வண்டியில் வந்தவர்கள் லித்தியம் பேட்டரிகளைத் தனிப் பெட்டியில் எடுத்துக்கொண்டார்கள். எடை போட்டு, நிறுவனத்தின் பதிவு எண்ணோடு ரசீது கொடுத்தார்கள். என் ரோபோவின் போர்டும் உடம்பும் அதில் போய்விட்டன. தாம்பரம் சாரின் மாடலும் ஒன்றேதான், சக்கரத்தையும் பெட்டியையும் நேரில் வந்து வாங்கிக்கொண்டார். நான் காசு வாங்கவில்லை. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரே ஒரு பொருள் மிஞ்சியிருக்கிறது. சார்ஜ் அடாப்டர் நன்றாக வேலை செய்கிறது. 19 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. முனை எங்கள் மோடத்துக்குப் பொருந்துகிறது. பயன்படுத்தலாமா?

சாலிடர் கை

வேண்டாம் தாழம்பூ! வீட்டு மோடங்கள் பெரும்பாலும் 12 வோல்ட். முனை பொருந்தினாலும் 19 வோல்ட் போனால் மோடம் கருகிவிடும். அடாப்டர் மேல் எந்த இயந்திரத்துடையது என்று ஒரு சீட்டு ஒட்டி, தாம்பரம் சாரிடமே கொடுத்துவிடுங்கள். அவருடைய அடாப்டர் போனால் அவருக்குப் பயன்படும்.