"கெலிங்"னு சொன்னா சிரிச்சிட்டுப் போகணுமா? உங்க அனுபவத்த எழுதுங்க

கிள்ளான்:
மலேசியாவுல பொறந்து வளந்த நம்மாளுங்க யாருமே, இந்தியர்கள மட்டமா சொல்ற இந்த "கெலிங்"ங்கற வார்த்தைய காதுல வாங்காம பெரியவங்களாயிருக்க முடியாது. சண்டையில சொன்னா கூட ஏதோ கோவத்துல வந்துச்சுன்னு விட்டுரலாம், ஆனா சாதாரணமா பேசிட்டு இருக்கறப்ப வரும் பாருங்க, அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறல. நான் செகண்டரி படிச்சது மலாய் ஸ்கூல். கிளாஸ்ல சத்தமா இருந்தா ஒரு டீச்சர் உள்ள வரும்போதே "மாச்சாம் கெலிங் காராம்"னு சொல்லிட்டே வருவாங்க, கப்பல் முழுகிப்போன கெலிங் மாதிரி கத்துறீங்களாம். பழைய மலாய்ப் பழமொழி அது. அவங்களுக்கு எங்க மேல கோவம் கிடையாது, எனக்கு நல்லா சொல்லிக் கொடுத்தவங்க, தீபாவளிக்கு எங்க வீட்டுக்கு வந்து முறுக்கு சாப்பிட்டவங்க. அவங்க சொன்னதும் மொத்த கிளாசும் சிரிச்சிட்டு எங்க நாலஞ்சு இந்தியப் பிள்ளைங்க பக்கம் திரும்பும். கத்தினது நாங்க கூட இல்ல. வெறுக்கறவங்க சொன்னா எதிர்த்து நிக்கலாம், பாசமா இருக்கறவங்க வாயில இருந்து வந்தா அந்தப் பிள்ளை என்ன பண்ணும்?

பினாங்கு:
எனக்கு எரிச்சல் வர்றது வரலாற்றுப் பாடம் எடுக்கறவங்க மேலதான். "அது கலிங்கத்துல இருந்து வந்த சொல்லு, பழைய ஏடுகள்லயே இருக்கு, இதுல என்ன தப்பு"ன்னு ஆரம்பிச்சிருவாங்க. தெரியும்ங்க. எங்க ஊர்லயே 1801ல கட்டுன கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கு, மலாக்காவுல கம்போங் கெலிங் பள்ளிவாசல் 1748ல இருந்து இருக்கு. அந்தப் பேருங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, சொல்லப்போனா பெருமைதான். ஆனா ஆபீஸ் லஞ்ச்ல ஒருத்தன் "பாம்பையும் கெலிங்கையும் ஒண்ணா பாத்தா கெலிங்க மொதல்ல அடி"ன்னு சொல்லி, மேசையில இருக்கற எல்லாரும் சிரிச்சு, ஒருத்தி மட்டும் என் மூஞ்சியப் பாத்துட்டு உடனே தலைய குனிஞ்சுக்கிறா. அங்க கலிங்கம் எங்க இருந்து வந்துச்சு? 2003ல டேவான் பஹாசாங்கற அரசாங்க மலாய் மொழி நிறுவனத்தோட அகராதியில இந்த வார்த்தைக்கு இருந்த விளக்கத்த எதிர்த்து இந்திய முஸ்லிம் அமைப்புங்க கோர்ட் வரைக்கும் போனாங்க, வேலை வெட்டி இல்லாமலா போனாங்க.

சுபாங்:
ரூம் வாடகைக்குத் தேடுனவங்க எல்லாருக்கும் தெரியும், "சைனீஸ் ஒன்லி"ன்னு விளம்பரத்துலயே பச்சையா போட்டிருப்பாங்க. எனக்கு போன்ல எல்லாம் பேசி முடிச்சு, எப்ப சாவி வாங்கிக்கலாம்னு கேக்கற வரைக்கும் போச்சு, பேரு என்னன்னு கேட்டாங்க, சொன்னேன், லைன் கட். திட்டு கூட இல்ல. ஆனா அந்த அமைதியில அந்த வார்த்தை எனக்குக் கேட்டுச்சு.

சிங்கப்பூர்:
இங்க "அப்புனேநே", இந்தியர்கள கேலியா சொல்ற வார்த்தை. சின்னப் பிள்ளைங்க அடம் புடிச்சா "அந்த அப்புனேநே வந்து புடிச்சிட்டுப் போயிரும்"னு பாட்டிங்க பூச்சாண்டி காட்டறது உண்டு. எங்க புளோக் லிஃப்ட்ல ஒரு பாட்டி சீன பாஷையில பேரன்கிட்ட என்னமோ சொல்லி என் பக்கம் கை காட்டுனாங்க, நடுவுல இந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்குப் புரிஞ்சுது. பையனுக்கு மூணு வயசு இருக்கும், நிஜமாவே பயந்து பாட்டி கால கட்டிக்கிட்டான். நான் ஆபீஸ் சட்டை போட்டு கையில லேப்டாப் பேக்கோட நிக்கறேன். பாட்டி என்னைப் பாத்து சிரிக்கறாங்க, நானும் சேர்ந்து சிரிக்கணுமாம். 2019ல ஒரு விளம்பரத்துல சீன நடிகர் ஒருத்தருக்கே கறுப்பு பூசி இந்தியரா காட்டுனப்ப, "இதெல்லாம் ஒரு விஷயமா"ன்னு கேட்டாங்களே, அந்தப் பையன் மூஞ்சியதான் நான் நினைச்சுக்கிட்டேன். அவன் வளந்து யாருக்கு வேலை கொடுப்பான், யாருக்கு வீடு கொடுப்பான்?

தைப்பிங்:
எல்லாரும் எழுதினதப் படிச்சேன். ஒண்ணு சொல்றேன், கொஞ்சம் கசக்கும். 2011ல ஃபார்ம் ஃபைவ் மலாய் இலக்கியப் பாடத்துல வெச்ச நாவல்ல, இங்க வந்த இந்தியர்கள் பறையா சாதின்னு இருந்துச்சுன்னு நாடு முழுக்க எதிர்ப்பு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? எதிர்ப்பு நியாயம்தான், "பறையா" இங்க மலாய்ல இப்பவும் சர்வ சாதாரணமா திட்டற வார்த்தை, அத நம்ம பிள்ளைங்க கிளாஸ்ல உக்காந்து சத்தமா வாசிச்சா என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அப்புறம் பாடத்துல இருந்து எடுத்துட்டாங்க. நானும் அதுக்கு கையெழுத்துப் போட்டவன். ஆனா எங்க ஊர் கூட்டத்துல ஒருத்தர் மைக்கப் புடிச்சு "நாம என்ன அந்த சாதியா, நம்மள எப்படி அப்படி எழுதலாம்"னு கேக்கறாரு, மண்டபமே கை தட்டுது. எங்க அப்பா என் பக்கத்துல உக்காந்திருந்தாரு. நாங்க அந்த சாதிதான். அவரு கை தட்டல, எழுந்து போகவும் இல்ல. வண்டியில வரும்போது "மலாய்க்காரன் அந்த வார்த்தைய யாருகிட்ட கத்துக்கிட்டான்னு ஒருத்தன் கேக்கலயே"ன்னாரு. தோட்டத்துல தாத்தா காலத்துல தண்ணிக் குழாய்ல கேட்ட அதே வார்த்தை.

சிரம்பான்:
தைப்பிங் அண்ணே, உங்க அப்பா கேட்டது நூத்துக்கு நூறு சரி. நாங்க வாழை இலை சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கோம், பரிமாறற தம்பிங்க பங்களாதேஷ்காரங்க. மத்தவங்க கெலிங்னு சொன்னா கொதிக்கற அதே குடும்பம் இங்க உக்காந்து "டேய் பங்ளா, ரசம் கொண்டாடா"ன்னு கத்தும், அந்தத் தம்பிக்கு தமிழும் நல்லாத் தெரியும். நான் கல்லாவுல இருந்து எழுந்து வந்து நேராவே சொல்லிருவேன், அவருக்குப் பேரு இருக்கு, சட்டையிலயே தச்சிருக்கு, அதச் சொல்லிக் கூப்பிடுங்கன்னு. சில பேர் மன்னிச்சிருங்கக்கான்னு சொல்லுவாங்க. ரெண்டு மூணு குடும்பம் கோச்சிக்கிட்டு இப்ப வர்றதில்ல. வரலைன்னா பரவால்ல.