கலிபோர்னியா சமுதாயக் கல்லூரிச் சபைத் தேர்தல்: கொழும்பில இருந்து காசு அனுப்பலாமா?

ஹம்டன்_ஒழுங்கை

அக்கா கலிபோர்னியாவில இருக்கிறா. அமெரிக்கக் குடியுரிமை எடுத்திட்டா, இலங்கையின்ர இரட்டைப் பிரஜாவுரிமையும் இருக்கு. 2026 நவம்பரில தங்கட பகுதிச் சமுதாயக் கல்லூரியின்ர (அந்தப் பகுதிக்கெண்டு இருக்கிற அரசாங்கக் கல்லூரி) ஆளுநர் சபைக்குக் கேக்கப் போறாவாம். அதே கல்லூரியில பின்னேர வகுப்பு ரெண்டும் எடுக்கிறா.

வெள்ளவத்தையில நாங்கள் குடும்பமாச் சேர்ந்து கொஞ்சக் காசு அனுப்பலாமா? துண்டுப்பிரசுரத்தைக் கொட்டாஞ்சேனையில அடிச்சு அனுப்பினா மலிவா முடியும் எண்டு நினைக்கிறம். கட்டுப்பணம் எவ்வளவு? கட்சி நியமனம் வேணுமா? இரட்டைப் பிரஜாவுரிமை தடையா? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

கணக்கப்பிள்ளை

காசு ஒரு சதமும் அனுப்பாதேங்கோ. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் காட்டோ இல்லாத ஆள் அந்த நாட்டின் எந்தத் தேர்தலுக்கும் நன்கொடை குடுக்கக் கூடாது என்பது சமஷ்டிச் சட்டம். ஜனாதிபதித் தேர்தலுக்கு மட்டும் எண்டு நினைக்காதேங்கோ, உள்ளூர்க் கல்லூரிச் சபைக்கும் அதேதான். அங்க இருக்கிற மச்சானுக்கு அனுப்பி அவர் பேரில குடுக்க வைக்கிறது இன்னும் மோசம். அடுத்தவர் பேரில நன்கொடை குடுக்கிறது தனிக் குற்றம்.

துண்டுப்பிரசுரமும் இதுக்குள்ளதான் வரும். நீங்கள் இலவசமா அடிச்சுக் குடுத்தா அது பொருளாக் குடுத்த நன்கொடை. "நம்மட பிள்ளை" எண்டு அச்சகக்காரர் விலையைக் குறைச்சாலும் அந்தக் குறைச்ச தொகை நன்கொடைதான். அக்காட தேர்தல் கணக்கில இருந்து, வழமையான விலைக்கு, பில்லோட காசு போனா அது வெறும் கொள்முதல். ஆனா விமானக் கூலியைக் கூட்டிப் பாருங்கோ, மலிவு எங்க போகும் எண்டு தெரியும்.

செய்யக்கூடியது உழைப்பு மட்டும்தான். சம்பளம் வாங்காமல், உங்கட சொந்த நேரத்தில, சொந்தக் கணினியில வடிவமைச்சுக் குடுக்கலாம், எழுத்துப்பிழை பாக்கலாம். கந்தோர் நேரத்தில, கந்தோர்க் கணினியில செய்தா அது கந்தோரின்ர நன்கொடையாகிப் போகலாம். எந்தச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்கிறது என்ற முடிவிலயும் நீங்கள் தலையிடக் கூடாது.

வாக்காளர்_இடாப்பு

நம்மூர்த் தேர்தலை மனதில் வைத்துப் பார்த்தால் குழப்பம்தான் வரும். கட்சிப் பட்டியல், விருப்பு வாக்கு எதுவும் அங்கே இல்லை. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே வராது. பெரும்பாலான கல்லூரி மாவட்டங்களில் (ஒரு கல்லூரிச் சபைக்குரிய எல்லைப் பகுதி) கட்டுப்பணமும் இல்லை, ஆதரவுக் கையெழுத்தும் வேண்டாம். இரட்டைப் பிரஜாவுரிமை தடையல்ல. (2022இன் 21ஆவது திருத்தம் இரட்டைப் பிரஜைகளை நம்முடைய பாராளுமன்றத்துக்கு வெளியே வைத்தது. அந்த நினைவில்தான் கேட்கிறீர்கள் போல.)

முதலில் பார்க்க வேண்டியது விலாசம். 2002இல் நிறைவேறிய கலிபோர்னியா வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு, மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து வாக்கெடுத்த பல கல்லூரிகள் வட்டாரமாகப் பிரித்துவிட்டன. அப்படியான இடத்தில் அந்த வட்டாரத்துக்குள் வீடும் வாக்காளர் பதிவும் இருக்க வேண்டும். வேட்புமனுப் படிவம் எடுக்கும்போதே பதிவு சரியாக இருக்க வேண்டும். வீடு மாறிவிட்டு இடாப்பில் பழைய விலாசத்தை விட்டிருந்தால் அங்கேயே சிக்கல். அதோடு அந்த வட்டாரம் 2026இல் வாக்கெடுப்புக்கு வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு வருடப் பதவிக்காலம், ஆசனங்கள் பாதி பாதியாக மாறி மாறி வரும்.

நாட்கள்: தேர்தல் நவம்பர் 3. மனுக் காலம் தேர்தலுக்கு 113 நாள் முன் தொடங்கி 88 நாள் முன் முடியும், அதாவது ஜூலை 13 முதல் ஆகஸ்ட் 7 வரை. இப்போதைய உறுப்பினர் மனுப் போடாவிட்டால் ஆகஸ்ட் 12 வரை நீளும். அந்த ஐந்து நாளில் மற்றவர்கள் போடலாம், அவர் போட முடியாது. நம்மூர்க் கச்சேரி (மாவட்டச் செயலகம்) மாதிரியான கவுண்டித் தேர்தல் அலுவலகத்துக்கு முதல் வாரத்திலேயே போவது நல்லது. படிவத்தில் பிழை இருந்தால் திருத்த நேரம் கிடைக்கும். வேறு ஒருவரும் போடவில்லை என்றால் வாக்கெடுப்பே நடக்காது, போட்டவருக்கு ஆசனம் போய்விடும். நடக்காத கதை என்று நினைக்காதீர்கள்.

பின்னேர வகுப்பு எடுத்துக்கொண்டே போட்டியிடலாம். வென்றால் பதவிப்பிரமாணத்துக்கு முன் வேலையை விட வேண்டும். விடாவிட்டால் பிரமாணத்தோடு வேலை தானாகவே முடிந்துவிடும். சபைக்குக் கிடைப்பது சிறு மாதாந்தப் படிதான். அந்த வகுப்புச் சம்பளத்தை நம்பியிருந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹம்டன்_ஒழுங்கை

நன்றி. காசு விசயத்தை வீட்டில சொல்லிட்டன், அம்மாவுக்குத்தான் கவலை. வாக்காளருக்கு அனுப்பிற கைநூலில 200 சொல்லில ஒரு அறிக்கை போடலாமாம், அதை நானே எழுதிக் குடுக்கலாமா? அக்கா பேரில வெள்ளவத்தையில வீடொண்டும் இருக்கு, அதையும் காட்ட வேணுமா?

கணக்கப்பிள்ளை

வீட்டை எழுதத் தேவையில்லை. சொத்து நலன்களைக் காட்டிறது படிவம் 700இல. மனுவோடேயே அதையும் குடுக்கச் சொல்லுவினம். கல்லூரி மாவட்ட எல்லையில இருந்து ரெண்டு மைலுக்கு அப்பால இருக்கிற காணி அதில வராது.

மற்றப் படிவங்களின்ர ஒழுங்குதான் முக்கியம். ஆரிட்டயும் ஒரு டொலர் வாங்க முன்னம் படிவம் 501 (போட்டியிடுறன் எண்ட அறிவித்தல்). வரவோ செலவோ 2,000 டொலரை எட்டாது எண்டா 470 (சுருக்கக் கணக்குப் படிவம்) ஒண்டோட முடியும். எட்டினா பத்து நாளுக்குள்ள 410 (தேர்தல் குழுப் பதிவு), தனி வங்கிக் கணக்கு, பிறகு காலத்துக்குக் காலம் 460 (வரவு செலவுக் கணக்கு). கைநூல் அறிக்கைக்குச் சொந்தக் காசில கட்டிற கட்டணம் அந்த 2,000இல சேராது. காசுத்தாளா 100 டொலரோ அதுக்கு மேலயோ வாங்கக் கூடாது, காசோலையோ அட்டையோதான். தேர்தலுக்கு முந்தின 90 நாளில ஒருத்தரே 1,000 டொலர் தந்தா 24 மணித்தியாலத்துக்குள்ள அதை அறிவிக்கிற படிவம் 497. சின்னக் குழுக்கள் தண்டம் கட்டிறது பெரும்பாலும் இந்த மாதிரித் தவணைகளிலதான். பொருளாளரா அக்காவே இருக்கலாம், ஆனா கணக்கு எழுதத் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தா நிம்மதி.

இன்னொண்டு: 200 கடிதத்துக்கு மேல ஒரே மாதிரித் தபாலில போட்டா அனுப்பிற குழுவின்ர பேரும் விலாசமும் வெளியில தெரிய வேணும். நீங்கள் வடிவமைக்கிறீங்கள் எண்டா அதுக்கு இடம் விட்டு வரையுங்கோ, எழுத்து 6 புள்ளிக்குக் குறையக் கூடாது.

வாக்காளர்_இடாப்பு

அறிக்கையை நீங்கள் எழுதிக் கொடுக்கலாம், கையெழுத்து அக்காவுடையது. 200 சொல் என்பது பொது அளவு, சில சபைகள் 400 வரை அனுமதிக்கின்றன. கட்சி, கட்சிப் பணி எதுவும் அதில் வரக் கூடாது. எதிராளியைப் பற்றியும் எழுத முடியாது. மனுவோடு கொடுத்த பிறகு ஒரு சொல்லையும் மாற்ற முடியாது, மீளப் பெறலாம், அதுவும் மனுக் காலம் முடிந்த அடுத்த வேலை நாள் மாலை 5 மணிக்குள். கட்டணம் வாக்காளர் தொகையைப் பொறுத்துச் சில நூறு டொலரிலிருந்து பல ஆயிரம் வரை போகும், பெரும்பாலும் முன்பணம். சிறு தேர்தலில் இதற்கே பெரிய செலவு, ஆனால் வெட்ட வேண்டாம். இந்தப் போட்டியைப் பற்றிப் பலர் படிப்பது அந்த ஒரு பக்கம்தான்.

வாக்குச்சீட்டில் பெயருக்குக் கீழே வரும் தொழில் விபரத்தை அறிக்கையைவிடக் கவனமாகப் பாருங்கள். மூன்று சொல்லுக்குள், இந்த வருடமோ போன வருடமோ செய்த முதன்மைத் தொழில். உதாரணமாக, "முன்னணி மென்பொருள் நிபுணர்" என்று போட்டால் "முன்னணி", "நிபுணர்" இரண்டையும் வெட்டுவார்கள், தன்னைத் தானே மெச்சும் சொல் ஆகாது. "மென்பொருள் பொறியியலாளர்" நிற்கும். "கல்லூரி விரிவுரையாளர்" என்று போட வேண்டுமென்றால் அந்தப் பின்னேர வகுப்புகள் முதன்மைத் தொழில்தான் என்று விளக்கத்தாளில் காட்ட வேண்டியிருக்கும்.

வென்றால் வட்ஸ்அப் பழக்கத்தையும் மாற்ற வேண்டும். சபையின் பெரும்பான்மை உறுப்பினர்கள் ஒரு விடயத்தைக் குழுவில் பேசிக்கொண்டாலே, சபைக் கூட்டங்கள் பகிரங்கமாக நடக்க வேண்டும் என்ற பிரவுன் சட்டத்தின்படி அது இரகசியக் கூட்டம். பதவியேற்க முன்பே, தெரிவான நாளிலிருந்து இந்தச் சட்டம் கட்டும்.